பத்து நிமிடம் குறைக்கும் ரோலர்

"வண்டி இன்னும் இழுக்க மாட்டேங்குதுங்க அம்மணி," என்றார் நஞ்சுண்டன்.

ஜெரினா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. தன் பட்டறையில் வேறொரு வண்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தாள்.

"எத்தனைங்கண்ணா?"

"பதினேழு நிமிசம்."

"போன வாரமும் அதேதானுங்களே."

"பதினாறு வேணுமுங்க."

அந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது என்று மலையடிவாரத்தில் தெரியாதவர் கிடையாது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் நஞ்சுண்டனின் மனைவி துளசிமணிக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். தன் சின்ன ஸ்கூட்டரின் பின்னால் அவளை உட்கார வைத்தார். துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மலை ஏறினார். ஆஸ்பத்திரி மேலே இருந்தது. ஒன்பது கிலோமீட்டர், பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு.

இருபத்தாறு நிமிடம் ஆனது.

"பத்து நிமிசம் முன்னாடி கொண்டாந்திருந்தாப் பாத்திருக்கலாம்," என்றார் டாக்டர்.

நல்ல மனிதர்தான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் விழுங்கியிருக்கலாம்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் நஞ்சுண்டன் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"வண்டி இழுக்கலீங்க."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வண்டியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ச் சிலிண்டரைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார். சத்தம் பெரிதானது. நிமிடம் இரண்டுதான் குறைந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று டீக்கடையில் அவர் காதுபடவே சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பிறகுதான் ஜெரினாவிடம் வந்தார். ரேஸ் விடும் பையன்கள் 'வாத்தியார்' என்று கூப்பிடும் பெண்பிள்ளை. நஞ்சுண்டனைவிடப் பத்து வயது இளையவள். நயமாகப் பேசத் தெரியாது.

முதல் நாள் வண்டியின் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இஞ்சின் கத்துது. சக்கரத்துக்குச் சேதி போகலீங்கண்ணா."

இடது பக்க மூடியைக் கழற்றி, உள்ளே பெல்ட் ஓடும் புல்லியைப் பிரித்து, ஆறு சின்ன உருளைகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினாள்.

"இதுதான் ரோலர். இது வெளிய ஓட ஓட பெல்ட் மேல ஏறும், வேகம் கூடும். கனமா இருந்தா சமதளத்துல பறக்கும், ஏத்தத்துல மூச்சு வாங்கும். லேசா இருந்தா ஏத்தத்துல இழுக்கும், சமதளத்துல கத்தும்."

"ரெண்டும் வேணுமுங்க."

"அப்ப ரெண்டு வண்டி வாங்குங்க."

வாராவாரம் பிரித்து மாட்டத் தன்னால் ஆகாது, நீங்களே கற்றுக்கொள்ளுங்கள் என்றாள். அப்படித்தான் ஐம்பத்திரண்டு வயதில் நஞ்சுண்டன் சீடரானார். தேயிலை பேக்டரியில் கொழுந்து எடை போடும் வேலை அவருக்கு. அரை கிராம் வித்தியாசம் கைக்கே தெரிந்தது. ரோலரை மாற்றினார். கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றினார். பின்சக்கரத்துக் கியர் செட்டை மாற்றினார். ஞாயிறுதோறும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு மலை ஏறினார்.

இருபத்திரண்டு. பத்தொன்பது. பதினெட்டு. பதினேழு.

அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் குறையவில்லை.

"இன்னும் அரை கிராம் குறைச்சுப் பாக்கலாமுங்களா?" என்றார் இப்போது.

ஜெரினா எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா என்ன எடைங்க?"

நஞ்சுண்டன் திகைத்துப்போனார். எப்படிச் செத்தாள் என்று கேட்டவர்கள் உண்டு. துளசிமணியைப் பற்றி வேறு எதையும் இந்த ஏழு மாதத்தில் யாரும் கேட்டதில்லை.

"அம்பத்திரண்டு கிலோ."

அவள் ஒரு கோணிப்பையை எடுத்து, வாசலில் கிடந்த மணலை அள்ளிப் போட்டாள். அவர் தூக்கிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு கிலோ போடுங்க."

மூட்டையைப் பின்சீட்டில் நிறுத்திக் கயிற்றால் கட்டினாள்.

"இத்தனை நாளும் தனியாப் போனீங்க. அன்னிக்குப் போனது ரெண்டு பேரு."

பிறகு மூடியைத் திறந்து, புல்லியின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்தாள்.

"பெல்ட் எது வரைக்கும் ஏறுதோ, அது வரைக்கும் கோடு அழிஞ்சுரும். போயிட்டு வாங்க."

அவர் போனார்.

திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"எத்தனைங்கண்ணா?"

"இருபத்தேழு."

இத்தனை மாத வேலைக்கும் பிறகு, அன்றைக்கு ஆனதைவிட ஒரு நிமிடம் கூடுதல்.

"பாரம் ஜாஸ்திங்க அம்மணி. கியர் பத்தல."

"பிரிங்க."

அவரே பிரித்தார். கோடு பாதிகூட அழியவில்லை. விளிம்புப் பக்கம் போட்டது போட்டபடி கறுப்பாக இருந்தது.

"ஏத்தத்துல இழுக்காட்டிப் போகுது," என்றாள் ஜெரினா. "ஆறாவது வளைவுக்கு மேல ரெண்டு கிலோமீட்டரு சமதளம் இருக்குதே. அங்கயுமா பெல்ட் ஏறல?"

நஞ்சுண்டன் கோட்டையே பார்த்தார். அதைப் படிக்க அவருக்கு இப்போது வாத்தியார் தேவையில்லை.

"கை முறுக்கலீங்க," என்றார் மெதுவாக.

"ஏனுங்க?"

"மூட்டை குலுங்குமோன்னு..."

ஜெரினா பக்கத்தில் இருந்த டயரின் மேல் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"அவதானுங்க சொன்னா. மூணாவது வளைவுல. 'மெல்லமாப் போங்க மாமா, குலுங்குனா உசுரு போகுது'ன்னா. நானும் மெல்லமாப் போனேன். வண்டி இழுக்கலைன்னு ஊருக்கெல்லாம் சொன்னது பொய்யுங்க. வண்டி இழுத்துது. நாந்தான்..."

ஏழு மாதமாக ஒரு இரும்பின் மேல் போட்டு வைத்திருந்த பழி. அதை இறக்கிய பிறகு வைக்க வேறு இடம் இல்லாமல் நின்றார் மனிதர்.

"வண்டி பதினாறு நிமிசத்துல ஏறுதுன்னே வெச்சுக்கங்க," என்றாள் ஜெரினா. "இன்னிக்கு அக்கா பின்னாடி உக்காந்திருக்காங்க. மூணாவது வளைவுல அதையேதான் சொல்றாங்க. என்னங்க பண்ணுவீங்க?"

முறுக்குவேன் என்று சொல்லத்தான் நஞ்சுண்டன் வாயைத் திறந்தார்.

"மெல்லமாத்தானுங்க போவேன்."