ஒரு கரண்டி கிழங்கு மாவு

மலைமேல் தவமணி அம்மையின் மடத்தில் தினமும் ரொட்டி சுடுவார்கள். அம்மையே மாவு பிசைவார். அவருடைய சீடர் காசிலிங்கம் வயதில் அம்மையைவிட மூத்தவர், கோபத்திலும் யாருக்கும் இளையவரில்லை. மடத்தில் இருக்கும்வரை பசு. வத்தலக்குண்டில் வீடு திரும்பி மூன்று நாளானால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

இனி ஒரு தரம் கத்தினால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று மனைவி பவுனுத்தாய் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். காசிலிங்கத்துக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது.

“இங்க இருக்கும்போது மனசு மெத்துன்னு இருக்கும்மா. வீட்டுக்குப் போனா ஏன் இறுகிப் போகுது?”

“சுட்ட அன்னைக்கு எல்லா ரொட்டியும் மெத்துன்னுதான் இருக்கும்,” என்றார் அம்மை.

அன்று இரண்டு ரொட்டி தனியாகச் சுட்டார். ஒன்றில் மட்டும் வெளிறிய பொடி ஒரு கரண்டி சேர்த்திருந்தார். இரண்டையும் அலமாரியில் வைத்தார். என்ன பொடி என்று கேட்டதற்கு, மூன்று நாள் கழித்துச் சொல்வதாகச் சொன்னார். காசிலிங்கம் போகும்போதும் வரும்போதும் அலமாரியை எட்டி எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் அறுத்தார்கள். பொடி சேராதது செங்கல். சேர்த்தது அழுத்தினால் அமுங்கி எழுந்தது.

உருளைக்கிழங்கை அவித்துக் காயவைத்து அரைத்த மாவு அது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அம்மை அப்போதுதான் சொன்னார். காசிலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தார்.

“அப்ப நான் மடத்துலயே தங்கிடுறேம்மா. வீடே வேண்டாம்.”

“நாளைக்கு நீங்க ரொட்டி போடுங்க. கிழங்கு மாவு உங்க இஷ்டத்துக்குச் சேர்த்துக்கலாம்.”

ஆசை யாரை விட்டது? ஒரு கரண்டிக்கே அவ்வளவு மெத்தென்று இருந்தால், நிறையப் போட்டால் எப்படி இருக்கும் என்று கோதுமை மாவைக் குறைத்து, கிழங்கு மாவை அள்ளிக் கொட்டினார். ரொட்டி எழும்பவே இல்லை. அறுத்தபோது கத்தியில் களியாக ஒட்டியது.

“இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல வச்சா சரியாகுமாம்மா?”

அம்மை ஒரு விள்ளல் வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினார். பிறகு ஒரு கரண்டி கிழங்கு மாவைக் காகிதத்தில் மடித்து, வீட்டுக்குக் கிளம்பச் சொல்லி அவர் கையில் கொடுத்தார்.

“இது மட்டுந்தானாம்மா?”

“கோதுமை மாவு உங்க வீட்டுல இருக்குல்ல?”