சுவருக்கு அந்தப்பக்கத்துக் கரண்ட்

கேட்டு முடித்ததும் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். எனக்கே இதில் ஒருமுறை சறுக்கியது.

ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு வீடுகள். இந்தப் பக்கம் தெரசம்மாளும் அவள் கணவர் சூசைமாணிக்கமும். பஞ்சாலையில் தின்ற தூசி அவர் நெஞ்சை அடைத்துவிட்டது. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய ஆக்சிஜன் மிஷின். அது நின்றால் அவரும் நின்றுவிடுவார். அந்தப் பக்கம் முப்பிடாதி, தனியாள், இட்லி மாவு ஆட்டி விற்பவள்.

மிஷின் ஓயாமல் ஓடியதில் தெரசம்மாளின் கரண்ட் பில் எகிறியது. கட்ட முடியவில்லை. முதலில் மின்வாரியக்காரர்கள் பீஸ் கட்டையைப் பிடுங்கினார்கள். பாக்கி நீண்டதும் மீட்டரையே கழற்றிக்கொண்டு போனார்கள்.

"முழுசும் கட்டி, புதுசா எழுதிக் குடுத்தா மீட்டர் வரும்க்கா. ஒரு வாரமாவது ஆகும்," என்றான் லைன்மேன்.

பீஸ் பிடுங்கிய அன்றே முப்பிடாதி மிஷினுக்கு மட்டும் ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்துக் கொடுத்திருந்தாள். ஒரு வீட்டுக் கரண்டை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது குற்றம், அபராதம் உண்டு. லைன்மேன் வயரைப் பார்த்தான், பிறகு மேலே போன காக்காயைப் பார்த்தான். "என் கண்ணுல படல. யார் வாயிலயும் வந்துராம பாத்துக்கோங்க."

பழைய வயரிங் மிஷினோடு கிரைண்டரையும் சேர்த்துத் தாங்காது என்று முப்பிடாதி மாவாட்டுவதை நிறுத்திவிட்டாள். மாவு வியாபாரம் படுத்தது. பில் மட்டும் ஏறியது. அதற்குக் கெடு, நான் சொல்லவரும் நாளின் சாயங்காலம். தவறினால் மறுநாள் காலை அவள் வீட்டுப் பீஸும் போகும்.

தெரசம்மாள் போகிற மாதா கோயிலில், அந்தத் தெருக்காரர்கள் கூடுகிற அன்பியம் என்கிற குழுவில், ஏழைகளுக்கென்று மாதாமாதம் உண்டியல் எடுப்பார்கள். ஒரு வீட்டுக்குக் கட்டுகிற அளவுதான் தேறும். விளக்கு அணைந்த வீட்டுக்குத்தான் உதவி என்பது அவர்கள் வைத்திருந்த முறை. செயலாளர் லூர்துராஜ் அன்று மத்தியானம் பணத்தோடு வந்து இரண்டு வாசலுக்கும் நடுவே நின்றார்.

"அண்ணாச்சி, மதினி வீட்டுக்கே கட்டுங்க," என்றாள் முப்பிடாதி. "எத்தன நாளைக்கு இருட்டுக்குள்ள சோறாக்கும்? என் வீட்லதான் லைட்டு எரியுதே. கோயிலுக்கே வராதவளுக்குக் கோயில் காசு எதுக்கு?"

"ஏட்டி, சும்மா கெட," என்றாள் தெரசம்மாள். "இருட்டு எனக்குப் பழகிப்போச்சு. இவளுக்குக் கட்டுங்க அண்ணாச்சி."

உள்ளே கட்டிலிலிருந்து சூசைமாணிக்கம் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "யாருக்கும் கட்டாதீரும் வே. மிஷின அமத்துங்க. ரெண்டு வீட்டயும் நான் ஒருத்தனே குடிச்சிட்டேன். பிராந்தி குடிச்சிருந்தாக்கூட இவ்வளவு ஆயிருக்காது."

"பேசாம மூச்ச விடுங்கண்ணே, என் கரண்டு வேஸ்டாப் போவுது," என்று முப்பிடாதி அதட்டினாள்.

லூர்துராஜ் ஜன்னலில் தொங்கிய வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூன்று பேரில் யார் சொன்னது சரி? அவர் யாருக்குக் கட்ட வேண்டும்?

விடை: தெரசம்மாள் சொன்னதுதான் சரி. அவள் பாக்கியைக் கட்டினால் பழைய கடன் தீரும். ஆனால் மீட்டர் வரும்வரை ஒரு பல்பும் எரியாது. முப்பிடாதியின் பில்லில் ஓடுவதோ சூசைமாணிக்கத்தின் மூச்சு. முப்பிடாதிக்கு மதினியின் இருட்டுதான் தெரிந்தது, சூசைமாணிக்கத்துக்குத் தன்னால் ஆகிற செலவுதான் தெரிந்தது. லூர்துராஜுக்கும் விடை தெரியாமல் இல்லை. ஆனால் விளக்கெரிகிற வீட்டுக்கு ஏன் கட்டினாய் என்று கூட்டத்தில் கேட்டால், வயரைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. தெரசம்மாளின் பாக்கியைக் கட்டி ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் காலை லைன்மேன் முப்பிடாதி வீட்டுக்கு வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், இறந்தோருக்கான மன்றாட்டில், சூசைமாணிக்கத்தின் பெயரையும் சேர்த்து வாசித்தார்கள்.