ஆவுடையப்பனின் தகடு

"ஓடுது டீச்சர். எழும்ப மாட்டேங்குது."

கொம்பையா சொன்னது பிரிசில்லாவின் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அவர் விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

கொம்பையா பஸ் பாடி கட்டுகிறவர். அவர் கட்டின பஸ் மலைப்பாதையில் உருண்டாலும் கூரை நசுங்காது என்று பேர். அதே கையால், ஒரு வரைபடத்தைப் பார்த்து, குழாயும் துணியும் தகடும் வைத்து, ஒரே ஆள் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டியிருந்தார்.

பிரிசில்லா அவரைவிட வயதில் இளையவர். ஒரு காலத்தில் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர். கொம்பையாவுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

அன்று காலை, பழைய ஓடுதளத்தின் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாயிற்று. சக்கரம் தரையை விடவில்லை. வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது. கொம்பையாவின் மனைவியுடைய தம்பி ஆவுடையப்பன், சட்டைப் பையிலிருந்து கண்டக்டர் விசில் ஒன்றை எடுத்து ஊதினான்.

"கடைசி ஸ்டாப்பிங். எல்லாரும் இறங்குங்க."

சிரித்தவர்கள் யார் யார் என்று கொம்பையா பார்த்து வைத்துக்கொண்டார். அவர் மறக்கிற ஆள் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் இந்தப் பேச்சு.

"இஞ்சின் மோசம் டீச்சர். இன்னைக்கே இதை உடைச்சு எடைக்குப் போட்டுருதேன். இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

பிரிசில்லா இறக்கையின் அடியில் இருந்த ஓர் இரும்புத் தகட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"பலத்துக்கு."

"படத்துல இருக்கா?"

இல்லை. கொம்பையா காரணத்தைச் சொன்னார். இறக்கை காற்றில் பிய்ந்து போகும் என்று டீக்கடையில் ஒருத்தன் சொன்னானாம். அன்றைக்கே வந்து அடித்த தகடு அது. பஸ்ஸுக்கு அடிக்கிற தகடு.

விரல் நகர்ந்தது.

வாலில் இருந்தது மரக்கடைக்காரனுக்காக. சக்கரத்துக்கு மேலே இருந்தது, பந்தியில் இவரைக் காட்டிப் பக்கத்து இலைக்காரனிடம் கண்ணடித்த சம்பந்திக்காக. முதுகுப் பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தகடு இருந்தது. அது பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருத்தனுக்காக. அவன் எதுவும் சொல்லவில்லை. சிரித்தான், அவ்வளவுதான்.

"அவருக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

"என்ன நினைச்சுச் சிரிச்சான்னு தெரியலையே டீச்சர்."

பிரிசில்லா சிரிக்கவில்லை. டிரில்லை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கொம்பையா ஒவ்வொரு ரிவெட்டாகத் துளைத்து எடுத்தார். கழன்ற தகட்டைச் சாக்கில் போடும்போது, அது யாருடையது என்று பேரைச் சொல்லிப் போட்டார். சில பேர்களை இரண்டு தடவை சொன்னார். வெயில் உச்சிக்கு ஏறி, சரியவும் ஆரம்பித்தது.

"சாக்கைத் தூக்குங்க," என்றார் பிரிசில்லா.

கொம்பையா குனிந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

சாக்கு நகர்ந்தது. தரையை விடவில்லை.

பிரிசில்லா விமானத்தைப் பார்த்தார். கொம்பையாவும் பார்த்தார்.

அதற்குப் பிறகு இஞ்சினைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்னும் ஒரு தகடு பாக்கி. சீட்டுக்கு அடியில். அதைக் கடைசியில் ருசித்துக் கழற்றலாம் என்று வைத்திருந்தார் கொம்பையா. டிரில்லோடு குனிந்தவரின் கைக்கு முன்னால் பிரிசில்லா தன் கையை வைத்தார்.

"இது இருக்கட்டும்."

"இது ஆவுடையப்பனோடது டீச்சர்."

அத்தான் ஏறி உட்கார்ந்தால் விமானம் மட்டும் மேலே போகும், அத்தானும் சீட்டும் கீழேயே இருப்பார்கள் என்று அவன் கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துச் சொன்னவன்.

"அவர் சொன்னது சரி."

கொம்பையாவின் முகம் கறுத்தது.

"படம் போட்டவர் இந்த சீட்டை ஒல்லி ஆளை நினைச்சுப் போட்டிருக்கார். உங்களைப் பார்த்ததில்லை."

கொம்பையா டிரில்லைக் கீழே வைத்தார். ஓடுதளத்தின் ஓரத்து உடைமரங்கள் வரை நடந்து போய், முதுகைக் காட்டி நின்றார். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"அவன் பேச்சைச் சுமந்துக்கிட்டா நான் பறக்கணும்?"

"சுமக்க வேண்டாம் அண்ணாச்சி. மேல உக்காருங்க."

துளைகளைச் சரிசெய்து, எடை பார்த்து, பிரிசில்லா தலையசைத்த அன்று மறுபடியும் ஊர் கூடியது. ஆவுடையப்பன் விசிலோடுதான் வந்திருந்தான்.

பிரிசில்லா அவனிடம் போனார்.

"கிளம்புறதுக்கு ரெண்டு விசில்தானே? ஊதுங்க."

அவன் சிரித்துக்கொண்டே ஊதினான்.

விமானம் ஓடியது. பாதித் தூரம்கூடப் போகவில்லை. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

உடைமரங்கள் கீழே போயின. ஆடுகள் கீழே போயின. உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தன. அதற்கு அப்பால் கடல், முழுசாக.

சிரித்தவர்களின் முகத்தை மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று கொம்பையா நினைத்து வைத்திருந்தார். பார்த்தார். வெறும் தலைகள். யார் எவன் என்றே தெரியவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிறகு இன்னொரு வட்டம் அடித்தார். அதற்குப் பிறகும் ஒன்று. யாருக்கும் கேட்காத உயரத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

விமானம் தரையிறங்கியதும் முதலில் ஓடி வந்தவன் ஆவுடையப்பன். விசில் கழுத்தில் ஆடியது. மூச்சு வாங்கியது.

"அத்தான், ஒரே ஒரு தடவை என்னையும் மடியில வச்சாவது கூட்டிட்டுப் போங்களேன்."

கொம்பையா உட்கார்ந்தபடியே கையைக் கீழே விட்டு, சீட்டின் அடியைத் தட்டினார்.

"நீ இப்போ என்கூடத்தானே வந்தே, மாப்பிள."