செவலை கீழே போட்ட சோளம்

அந்தக் காலத்தில், கோழியும் காக்கையும் வீட்டுக் கதை பேசிக்கொண்ட நாளில், கோழிகளும் தங்கள் குஞ்சுகளுக்கு வாயில்தான் ஊட்டின. சோளக் களத்து ஓரத்தில் இருந்த செவலைக் கோழிக்குப் பதினொரு குஞ்சுகள். கடைசி வாய்க்கு ஊட்டி முடிப்பதற்குள் முதல் வாய் மறுபடி திறந்துவிடும். மூச்சுவிட நேரமில்லை என்று வேப்பமரத்துக் காக்கையிடம் புலம்புவாள். உள்ளுக்குள் அதில் ஏகப்பட்ட பெருமை.

கடைக்குட்டி பொட்டு மட்டும் அடங்காப்பிடாரி. கல்லைக் கொத்தும், எறும்பைக் கொத்தும், தன் கால் விரலையே கொத்திவிட்டுக் கத்தும். செவலை ஓடிவந்து அதட்டுவாள். தான் இருக்கும்போது பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்பது அவள் கட்சி.

ஒருநாள் குஞ்சுகளைத் தேடிக் கீரி வந்தது. செவலை பாய்ந்து விரட்டிவிட்டாள். ஆனால் அலகின் நுனி பெயர்ந்துபோனது. தன்னால் கொத்தி விழுங்க முடிந்தது. பிடித்து ஊட்டத்தான் முடியவில்லை. எடுத்த சோளமெல்லாம் நழுவி விழுந்தது. காலடியில் தானியம் சிதறிக் கிடக்க, பதினொன்றில் பத்துக் குஞ்சுகள் வாயைத் திறந்தபடி பட்டினி கிடந்தன. இரண்டே நாளில் அவற்றின் குரல் கம்மிவிட்டது.

அப்போதுதான் பொட்டு மட்டும் கொழுகொழுவென்று திரிவதைக் கவனித்தாள். அது ஒரு கல்லைக் கொத்தித் துப்பியது. இன்னொன்றையும் துப்பியது. மூன்றாவது சோளம்; விழுங்கியது. அடுத்த முறை கல் பக்கமே போகவில்லை.

செவலை தரையைக் கொத்திக் காட்டி மற்றவற்றைக் கூப்பிட்டாள். "கீழ பாருங்கடா. சாப்பாடு அங்கதான் இருக்கு."

மூத்த குஞ்சு தயங்கித் தயங்கிக் குனிந்து, வாய் நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு இருமியது. ஓடப்போன செவலை கால்களை அழுத்திக்கொண்டு நின்றாள். அது துப்பிவிட்டு மறுபடி குனிந்தது. பொழுது சாய்வதற்குள் பதினொன்றும் கொத்தித் தின்றுகொண்டிருந்தன.

கொஞ்ச நாளில் செவலையின் அலகு வளர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மூத்தது பழைய ஞாபகத்தில் வந்து வாயைத் திறந்து நின்றது.

"அதான் அலகு சரியாயிடுச்சே அக்கா, ஊட்டிவிடு" என்றது காக்கை.

செவலை ஒரு சோளத்தை எடுத்து அந்த வாய்க்கு நேரே கொண்டுபோனாள். ஊட்டிவிட ஆசையாகத்தான் இருந்தது. பிறகு, தெரிந்தே, அதைக் குஞ்சின் காலடியில் போட்டாள்.

"நான் இல்லாத அன்னிக்கும் அதுக்குப் பசிக்கும்ல" என்றாள்.

அன்று முதல்தான் தாய்க்கோழி மண்ணைக் கிளறி, கிடைத்த தானியத்தை விழுங்காமல் குஞ்சின் முன்னால் போட்டு, மறுபடி எடுத்து, மறுபடி போட்டு, 'கொக் கொக்' என்று கூப்பிட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறது.