முயல் கொறித்த அத்தி இலை

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரே ஒரு குட்டைதான் வற்றாமல் இருந்தது. அதற்கு ஒரு காவலர் வேண்டும் என்று ஒன்பது மிருகக் குடும்பங்கள் கூடி முடிவு செய்தன.

மானும் ஆமையும் கழுதைப்புலியும் போட்டியிட்டன. கழுதைப்புலியின் பெயரைக் கேட்டதுமே முயல் குட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. குட்டைக் கரைப் புதரில்தான் அதன் மூன்று குட்டிகள் இருந்தன. இன்னும் ஓடக்கூடத் தெரியாத குட்டிகள். காவல் என்ற பெயரில் கழுதைப்புலி அங்கேயே உட்கார்ந்துகொண்டால் அவற்றின் கதி என்ன?

அந்தக் காட்டில் ஓட்டுப் போடும் வழக்கமே தனி. மானுக்கு அத்தி இலை, ஆமைக்கு அல்லி இலை, கழுதைப்புலிக்கு எருக்க இலை. மிகவும் பிடித்தவரின் இலை மேலே, அடுத்தவரின் இலை அதன் கீழே, பிடிக்காதவரின் இலை அடியில். மூன்றையும் ஒரு முள்ளில் கோத்து மரப்பொந்தில் போட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு முள்.

காலையிலேயே ஒன்பது முள்ளும் விழுந்துவிட்டன.

"எப்படி எண்ணுவது என்பதைச் சாயங்காலம் பேசிக்கொள்ளலாம்" என்றது தலைமை தாங்கிய காட்டெருது. "அதுவரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்காதபடி முயலக்கா பொந்தைக் காவல் காக்கட்டும். நாணயமானவள்."

நாணயமான முயல்தான். ஆனால் தாயாயிற்றே! உச்சி வெயிலில் எல்லோரும் நிழல் தேடிப் போனதும் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன என்று பொந்துக்குள் தலையை விட்டது.

மேலே எருக்க இலை உள்ள முட்கள் நான்கு. அத்தி மூன்று. அல்லி இரண்டு.

மேல் இலையை மட்டும் எண்ணினால் கழுதைப்புலிதான் காவலர். முயல் முட்களைத் திரும்பத் திரும்பப் புரட்டியது. பதற்றத்தில் வாய் எதையோ மென்றுகொண்டே இருந்ததை அது கவனிக்கவில்லை. அல்லி இரண்டுக்கும் அடுத்த இலை அத்தி என்று கண்ட பிறகுதான் அதற்கு மூச்சே வந்தது.

சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள்.

"மேலே யார் இலை அதிகமோ அவரே காவலர். வளவளவென்று பேச்செதற்கு?" என்றது கழுதைப்புலியின் நண்பன் நரி.

"அது நியாயமில்லை" என்றது முயல். "பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி. யாரும் வாங்கவில்லையென்றால், மிகக் குறைந்த ஓட்டு வாங்கியவரின் இலையை உருவிவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் இலையை எண்ணுவோம்."

கேட்டவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. காட்டெருதும் தலையாட்டியது. இரண்டு அல்லி இலைகளை உருவினார்கள். மானுக்கு ஐந்து, கழுதைப்புலிக்கு நான்கு. முயலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நரி மட்டும் முட்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தது.

"எருதண்ணா, அத்தி இலை ஓரமெல்லாம் கொறித்திருக்கிறதே. பொடிப் பொடிப் பல் தடமாகத் தெரிகிறது."

எல்லோரும் முயலைப் பார்த்தார்கள்.

"என் குட்டிகளுக்காகத்தான் எட்டிப் பார்த்தேன்" என்றது முயல், தலையைக் குனிந்தபடி. "ஆனால் நான் சொன்னது நல்ல விதிதானே, அண்ணா?"

"விதியில் குறையில்லை. வந்த வழிதான் சரியில்லை" என்றது காட்டெருது. "நாளைக் காலை, இதே விதிப்படி மறுபடியும் ஓட்டு."

அல்லி இலையை மேலே கோத்திருந்தவை இரண்டு முள்ளம்பன்றிக் குடும்பங்கள். அவற்றுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கள் ஓட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி விதி போட்டாயா? இனி உன் மானுக்கு எங்கள் இலை கிடையாது. கழுதைப்புலி வந்தால் எங்களை என்ன செய்துவிடும்? எங்கள் முதுகைத் தொட்டுப் பார்க்கட்டும்."

மறுநாளும் எருக்கு நான்கு, அத்தி மூன்று, அல்லி இரண்டு. முயல் விரும்பிய விதிப்படியே அல்லியை உருவினார்கள். இரண்டிலும் அடுத்த இலை எருக்கு. கழுதைப்புலிக்கு ஆறு.

காட்டெருது கழுதைப்புலியையே காவலராக அறிவித்தது.

கழுதைப்புலி சாவகாசமாக நடந்து வந்து, புதரைப் பார்த்தபடி கரையில் படுத்துக்கொண்டது. முயல் அப்போது முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு தண்ணீரே இல்லாத பாறை மேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு குட்டிகளும் இன்னும் புதருக்குள்தான் இருந்தன.

நீதி: விடையைப் பார்த்துவிட்டு வகுக்கும் விதி, நல்ல விதியே ஆனாலும், யாருடைய நம்பிக்கையையும் பெறாது.