மந்திரி அளந்த மண்டி

கொம்பனூர் ராஜா போரில் ஜெயித்து வந்தார். படைவீரர்களுக்கு விருந்து. அண்டா அண்டாவாக அரிசிக் கள் வடிக்கச் சொன்னார். வந்ததோ, நாய்கூட நக்காத புளித்த கஞ்சி!

“வடித்தவளை நாடு கடத்து!” என்றார் ராஜா.

கள் வடிக்கும் குருவம்மாள் ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தாள். “சாமி, கஞ்சியை நுரைக்க வைக்கிறதே பழைய கள்ளோட அடிமண்டிதான். ஒரு பானை கேட்டேன். சாமான் அறைச் சாவி வச்சிருக்கிற உக்கிராண மந்திரி ஒரே ஒரு அகப்பை கொடுத்தார். அதுவும் காய்ஞ்சது. வெல்லத் தண்ணி ஊத்தி, அதோட பசியாத்தி எழுப்பக்கூட விடலை. கொதிக்கிற கஞ்சியிலேயே கொட்டச் சொன்னார். அந்தச் சூட்டுல மண்டி செத்தே போச்சு.”

மந்திரி பெத்தபெருமாள் தொப்பையைத் தடவினார். “சேறு மாதிரி கிடக்கிற மண்டிக்குப் பசியாம், சூடாம்! அகப்பையா இருந்தா என்ன, பானையா இருந்தா என்ன?”

விகடகவி கூத்தப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மந்திரியின் அளப்பு அவனுக்குத் தெரியாததா! ஆனால் முகத்தில் காட்டவில்லை.

“மந்திரி சொன்னா சரிதான், மகாராஜா. நாளைக்குத் தேரோட்டம். ஆயிரம் பேர் எதுக்கு? இவர் ஒருத்தரே இழுக்கட்டும். அதுவரைக்கும் சோறு வேண்டாம்.”

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. “ஆகட்டும்!”

மறுநாள் பட்டினியோடு வடத்தைப் பிடித்தார் மந்திரி. முக்கினார், முனகினார். தேர் இம்மிகூட அசையவில்லை. கூத்தப்பன் ஆவி பறக்கும் வெந்நீர்க் குடத்தோடு பின்னால் வந்தான்.

“எதுக்குய்யா அது?”

“உங்க தலையில ஊத்தத்தான். சுறுசுறுப்பு வரும்!”

“அடப்பாவி! ஒத்தை ஆளு, பட்டினி வேற, இதுல கொதி தண்ணியை ஊத்தினா செத்தே போவேன்!” என்று அலறினார் மந்திரி.

“கேட்டீங்களா மகாராஜா? மண்டிக்கு வாய் இருந்தா இதைத்தான் சொல்லியிருக்கும்!”

ராஜாவுக்குச் சுருக்கென்றது. குருவம்மாளின் தண்டனை அங்கேயே ரத்தானது. “அது சரி, கூத்தப்பா, அரண்மனையில் பானை பானையாக மண்டி இருந்ததே. மிச்சமெல்லாம் எங்கே?”

“மந்திரி வீட்டு ஆப்பம் பூ மாதிரி இருக்குன்னு ஊரே பேசுதே, எதைப் போட்டுப் புளிக்க வைக்கிறாங்களாம்? சந்தேகமா இருந்தா அந்தத் தொப்பையைப் பாருங்க. இன்னும் பொங்கி அடங்கலை!”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடமே நழுவியது. கூத்தப்பனுக்கு முத்துமாலை. உக்கிராணச் சாவி குருவம்மாள் இடுப்புக்குப் போனது. அன்றிலிருந்து மந்திரி வீட்டில் வெறும் கஞ்சிதான்.