கை காலி இல்லை

மடத்துக்கு வந்த அன்று வைரவநாதனிடம் ஒரு கேள்வி இருந்தது. சர்வே துறையில் முப்பத்துநான்கு வருடம் ஊர்களை அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. பஸ்ஸில் வரும்போதே கேள்வியை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து, தேவையில்லாத சொற்களை எல்லாம் கழித்து, இரண்டே சொல்லில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"எதை விடணும், அம்மா?"

மடத்தை நடத்தும் தயாபரி அம்மாவுக்கு அவருடைய மகளின் வயதுதான். கிணற்றடியில் படுக்கை விரிப்பு ஒன்றைத் தனியாகப் பிழிய முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"அதை அப்புறம் பார்ப்போம், ஐயா. முதல்ல இந்த முனையைப் பிடிங்க."

பிடித்தார். ஆறு மாதம் ஓடிவிட்டது.

அந்த மடத்தில் ஞாபகம் போன ஆறு பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அங்கே பூஜை, பாடம், தியானம் எல்லாம். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஆறு பேரும் ஆளுக்கொரு துணையோடு, மடத்தை ஒட்டிய கரட்டை, அந்தச் சின்னப் பாறைக்குன்றை, சுற்றி நடந்துவிட்டு வருவார்கள். அதற்கு ஒரே ஒரு விதி. கிளம்பும்போது பிடித்த கையைத் திரும்ப வாசலுக்கு வரும்வரை நாம் விடக் கூடாது. அவர்களாக விட்டால் சரி.

வைரவநாதனுக்கு வாய்த்தவர் மகுடபதி. போடிமெட்டு மலைப்பாதையில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். மனைவியின் பெயர், மகனின் முகம், காலையில் சாப்பிட்டோமா என்பது எல்லாம் அவரை விட்டுப் போயிருந்தன. கியர் போகவில்லை. இடப்பக்கம் நடப்பவரின் வலது கையைப் பற்றிக்கொண்டு, கிளம்பும்போது முன்னால் தள்ளுவார், முதல் கியர். ஏற்றம் வந்தால் பின்னால் இழுப்பார், இரண்டாவது. சமதரை வந்தால் மறுபடி முன்னால். வளைவுகளில் வாயாலேயே ஹாரன். வாசலுக்கு வந்ததும் பிடித்த கையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்து, நியூட்ரல்தான் என்று உறுதியான பிறகு, தானாகவே விடுவார்.

"இறங்குறவங்க எல்லாம் இறங்கிக்கலாம்."

முதல் வாரம் வைரவநாதனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. இரண்டாம் மாதத்தில் ஏற்றம் வருவதற்கு முன்பே அவருடைய கை பின்னால் போகத் தொடங்கியது.

"வண்டி நல்ல வண்டி," என்றார் மகுடபதி ஒருநாள், காற்றைப் பார்த்து.

அன்று வைரவநாதன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மடத்துக்கு ஒரு போன் இருந்தது. நடைக்குப் போகும்போதும் அதை எடுத்துச் செல்வார்கள். முன்பு பட்டன் போன்தான். வைரவநாதன் வந்த பிறகு அவருடைய மாப்பிள்ளை பெரிய போன் ஒன்றை அனுப்பிவைத்தார். சின்ன சிலேட்டு அளவு இருக்கும். வரைபடத்தில் கரட்டின் ஒவ்வொரு மேடும் தெரிந்தது. எழுத்து பளிச்சென்று இருந்தது. போனை வைத்திருக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நடையின்போது மஸ்கட்டிலிருந்து மகுடபதியின் மகன் ஜெயவீரன் செய்தி அனுப்பினான். அப்பாவைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, இப்போது ஒரு போட்டோ அனுப்ப முடியுமா என்று.

வைரவநாதன் இடது கையால் போனை எடுத்தார். கேமராவைத் திறக்கக் கட்டைவிரல் எட்டவில்லை. எட்டிப் பார்த்தபோது போன் சாய்ந்தது. விழுந்துவிடும் என்று வலது கையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, இரண்டடி பின்னால் நகர்ந்து, மகுடபதியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்.

மகுடபதி தன் இடது கையைக் காற்றில் துழாவினார். முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். கையில் எதுவும் மாட்டவில்லை.

"கியர் விழல," என்றார். குரலில் பயம் இருந்தது. "ஐயோ, நியூட்ரல்ல போகுது, எல்லாரும் பிடிச்சுக்கங்க."

அந்த இடம் இறக்கம். வண்டி நியூட்ரலில் போவதுபோலவே மகுடபதி போனார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு ஓட்டமாக. பதற்றத்தில் வைரவநாதனின் விரல் பட்டு போன் ஒரு படம் எடுத்தது; அதை எறிந்துவிட்டு ஓடினார். வளைவில் இருந்த கல்லில் மகுடபதி முட்டி மோத விழுந்து கிடந்தார். இரண்டு முழங்காலிலும் தோல் போயிருந்தது. அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை. "பாசஞ்சர் யாருக்காவது அடியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மடத்தில் தயாபரி அம்மா காயத்தைக் கழுவி மருந்து போட்டார். வைரவநாதன் கதவருகே நின்றார்.

"போட்டோ வந்துச்சா, ஐயா?"

"வந்துச்சும்மா."

"எப்படி இருக்கு?"

வைரவநாதன் கண்ணாடி நொறுங்கிய போனை நீட்டினார். விரிசல்களுக்குப் பின்னால் இறக்கத்தில் ஓடும் ஒருவரின் முதுகு தெரிந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான்கு நாளில் மகுடபதிக்குக் காயம் ஆறியது. நடைக்குக் கிளம்பினார். நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் வைரவநாதன் வலது கையை நீட்டியதும், தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மடத்தில் மற்ற யாரிடமும் அப்படிச் செய்யவில்லை.

"ஏன், அண்ணே?"

"தெரியல," என்றார் மகுடபதி. "இந்த வண்டி வேண்டாம்."

அன்று அம்மாவே மகுடபதியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வைரவநாதன் கடைசியாக, கையை வீசிக்கொண்டு நடந்தார். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை சமையல்கட்டில் போய் நின்றார்.

"அம்மா, போனே வேண்டாம்னு விட்டுடலாமா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "போன வருஷம் பாறையில ஒருத்தருக்குக் கால் பிசகுச்சு. ஜீப்பை எதுல கூப்பிட்டோம்?"

"போன்லதான்."

"ஜெயவீரன் யாருக்குச் செய்தி அனுப்புவான்?"

வைரவநாதன் கீழே விழுந்த ஒரு கீரைத்தண்டை எடுத்துக் கூடையில் போட்டார். "மாப்பிள்ளை வேற ஒண்ணு அனுப்புறேங்கிறார். இதைவிடப் பெரிசாம். எது நல்ல போன்னு நீங்களே சொல்லிடுங்க."

"செருப்பை மாட்டுங்க," என்றார் அம்மா. "டவுனுக்குப் போவோம்."

டவுனில் பஸ் நிலையத்துக்கு எதிரே நிஜாமுதீன் பாயின் போன் கடை. இருவரும் கண்ணாடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"இருக்கிறதிலேயே பெரிசைக் காட்டுங்க, பாய்," என்றார் அம்மா.

வைரவநாதனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பாய் எடுத்து வைத்ததும் இரண்டு கையையும் நீட்டினார். அம்மா அவருடைய வலது கையைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"அம்மா?"

"போனைப் பாருங்க, ஐயா."

காது சிவக்க, வைரவநாதன் இடது கையால் போனை எடுத்தார். மேல் மூலைக்குக் கட்டைவிரல் போகவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டினார். போன் உள்ளங்கையில் வழுக்கியது. பாய் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாவிப் பிடித்தார்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க, சார்."

"ஒரு கை வேலையா இருக்கு," என்றார் அம்மா.

பாய் அந்த இரண்டு கைகளையும் பார்த்தார். எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்த கடை அது.

"பின்னாடி ஒரு வளையம் ஒட்டித் தர்றேன். விரலை விட்டுக்கலாம்."

வளையத்தில் விரல் நின்றது. கட்டைவிரல் இன்னும் எட்டவில்லை.

"இதுல ஒரு வசதி இருக்கு, சார். இப்படிக் கீழே இழுத்தீங்கன்னா, திரையில இருக்கிறது எல்லாம் பாதி அளவுக்கு இறங்கி வந்துடும்."

வைரவநாதன் இழுத்துப் பார்த்தார். பாதித் திரை கறுத்துப்போய், மீதிப் பாதியில் எல்லாம் வந்து குவிந்தன.

"சின்னதாக்கிக் காட்டுறதுக்கா பாய், இவ்வளவு பெரிசா செஞ்சிருக்காங்க?"

பாய் சிரித்தார். "நான் விக்கிறவன், சார். செய்றவன் கையை நான் பார்த்ததில்லை."

அடுத்த போனும் பெரிதுதான். மூலையில் இருந்த ஒரு படத்தைத் தொட வைரவநாதன் முனைந்தபோது அவருடைய வலது கை தானாக மேலே வந்து போனைத் தாங்கியது. தொட்டு முடித்த பிறகுதான் கவனித்தார். அம்மாவின் கை மேசைமேல் விரல்கள் விரிந்தபடி கிடந்தது. அவர் இறுக்கிப் பிடித்திருக்கவில்லை. பிடுங்கியதற்குக் கோபப்படவும் இல்லை. கை அப்படியே கிடந்தது.

வைரவநாதன் அதைப் பார்த்தார். கையைத் திரும்ப அதில் வைத்தார்.

இன்னொரு போன். மறுபடியும் அதேதான். எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. திரும்ப வைத்தார்.

மூன்றாவது தடவை கையை வைக்கும்போது அவர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

"பாய், சின்னதா ஒண்ணும் கிடையாதா?"

"யாரும் கேக்கறதில்லை, சார்," என்று பாய் கீழ் அலமாரியில் தேடினார். "படம் பார்க்கணும், விளையாடணும், எல்லாருக்கும் பெரிசுதான் வேணும். ஒண்ணே ஒண்ணு கிடக்கு. பிரிக்காத பெட்டிதான்."

அது சோப்பைவிடக் கொஞ்சம் நீளம். வைரவநாதனின் இடது உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது. விரல்கள் மறுபக்கம் வந்து அதைப் பற்றின. கட்டைவிரல் நான்கு மூலைக்கும் போய் வந்தது. கேமராவைத் திறந்து பாயின் சுவர்க்கடிகாரத்தைப் படம் எடுத்தார். அழைத்துப் பார்த்தார், துண்டித்துப் பார்த்தார். ஊர் எல்லையை அளப்பதுபோல அத்தனையையும் இரண்டு முறை சரிபார்த்தார். வலது கை அசையவே இல்லை.

"எழுத்து சின்னதா இருக்கேம்மா."

"நடக்கும்போது எதைப் படிக்கணும்?"

"உட்கார்ந்திருக்கும்போது?"

"கண்ணாடி போட்டுக்கங்க."

மாப்பிள்ளை போனில் சிரித்தார். "என்ன மாமா, மடத்துக்குப் போனா போன்லகூடத் துறவறமா?" வைரவநாதனும் சிரித்தார்.

அன்று மாலை மகுடபதி கையைக் கொடுக்கவில்லை. அடுத்த நாளும் கொடுக்கவில்லை. அம்மா வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். இன்னொரு சீடர் மகுடபதியின் வலது கையைப் பிடித்துக்கொண்டார். வைரவநாதன் இடப்பக்கமாக, எப்போதும் நடக்கும் இடத்தில் நடந்தார். வலது கையை மட்டும் உடம்போடு ஒட்டாமல் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டிருந்தார். விரல்கள் விரிந்திருந்தன.

மூன்றாம் நாள், கரட்டின் பின்பக்கம் ஏற்றம் தொடங்கும் இடத்தில் போன் அடித்தது. மஸ்கட்.

வைரவநாதன் இடது கையால் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கட்டைவிரலால் தொட்டார்.

"ஐயா, அப்பா எப்படி இருக்கார்?"

"பக்கத்துலதான் நடந்து வர்றார், தம்பி. முட்டி ஆறிடுச்சு."

"கொஞ்சம் வீடியோல காட்டறீங்களா?"

"ஏழு மணிக்குக் கூப்பிடுங்க. உட்கார்ந்து நல்லாப் பேசலாம். இப்ப கை காலி இல்லை."

துண்டித்து, போனைப் பையில் போட்டார்.

மகுடபதி நின்றுவிட்டார். வைரவநாதனின் வலது கையைக் குனிந்து பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. வைரவநாதனின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

பிறகு மறுபக்கத்துச் சீடரிடமிருந்து வலது கையை விடுவித்துக்கொண்டு, காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். இடது கை வந்தது. வைரவநாதனின் கையைப் பற்றி, ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, தோள் வலிக்கப் பின்னால் இழுத்தது.

"வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது," என்றார் மகுடபதி.

"சரிண்ணே."

"பாசஞ்சர் உசிரு."

"சரிண்ணே."

வளைவு வந்தது. மகுடபதி நீளமாக ஹாரன் அடித்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த தயாபரி அம்மா, தன் துணையோடு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். பஸ் மெதுவாக அவரைத் தாண்டியது. வைரவநாதனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. துடைத்துக்கொள்ள இடது கை இருந்தது.

"அம்மா," என்றார், தலையை மட்டும் திருப்பி. "வந்த அன்னைக்கு உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். எதை விடணும்னு. அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

"இப்ப எந்த கியர்ல போறீங்க, ஐயா?"

"ரெண்டுலம்மா."

"அப்ப ஏத்தம் இன்னும் இருக்கு," என்றார் தயாபரி அம்மா. "வாசல் வரட்டும்."